அபராதத்தோடு முடிகிற கேஸ் இல்லை

கனடாவின் ஒன்ராறியோவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வழக்கு என்று வந்து நிற்கிற நம் ஆட்கள் முதலில் கேட்பது, "ஜெயில் இல்லைதானே?" அபராதம்தான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிடும். வேலைக்கு லீவு, லோயர் செலவு, சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்ற வெட்கம் எல்லாம் சேர்ந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்றோடு முடித்துவிடலாம் என்று சொல்ல வைத்துவிடும். எனக்குப் பதறுவது அங்கேதான்.

கனடாவில் பிஆர், அதாவது குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் வைத்திருப்பவருக்கு, கிடைத்த தண்டனை சின்னதா பெரிதா என்பது மட்டும் கணக்கில்லை. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள அதிகபட்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ என்றால், கட்டியது வெறும் அபராதமாக இருந்தாலும் குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாகத்தான் எடுக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது 2018 டிசம்பர் 18 முதல் இந்த வகைக்குள் வந்துவிட்டது. முதல் தடவைக்கு 1,000 டாலர் அபராதம், கொஞ்ச நாள் வண்டி ஓட்ட முடியாது, அவ்வளவுதானே என்று ஒப்புக்கொள்கிற ஆளை நாடு கடத்தும் நடவடிக்கை வரைக்கும் அது கொண்டுபோகலாம்.

அப்புறம் ஆறு மாதக் கணக்கு. 6 மாதமோ கூடவோ சிறைத்தண்டனை என்றால், வெளியேற்ற உத்தரவை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகிற உரிமையே இல்லை. 2013 வரை இந்த எல்லை இரண்டு வருடமாக இருந்தது. ஒரு நாள் குறைந்தால்கூட ஒரு குடும்பத்தின் கதை மாறும். அதே 2013இல்தான் உச்ச நீதிமன்றம், தண்டனை விதிக்கும்போது நீதிபதி இந்தப் பாதிப்பையும் பார்க்கலாம் என்று பாம் (Pham) என்பவரின் வழக்கில் சொன்னது. ஆனால் யாராவது எடுத்துச் சொன்னால்தானே அவர் பார்க்க முடியும்?

ஒரு பெரியவர் வராந்தாவில் என்னிடம் மெல்லக் கேட்டார், "தம்பி, ஒப்புக்கொள்ளவா?" ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "ஐயா, லோயரைக் கேளுங்கள், நீங்கள் கேட்பதை அப்படியே சொல்கிறேன்" என்றேன். லோயர் திருப்பிக் கேட்டார், சிட்டிசனா? இத்தனை வருடம் இங்கேயே இருக்கிறேனே என்றபடி அவர் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டியது பிஆர் கார்டு. அன்றைக்கு ஒப்புக்கொள்ள விடாமல், வழக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லி லோயர் தவணை கேட்டார்.

சிலவகைக் குற்றங்களில் டிஸ்சார்ஜ், அதாவது தண்டனை இல்லாமல் நீதிமன்றம் விடுவிப்பது, வாங்க வழி உண்டு, அது குற்றத் தீர்ப்பாக எண்ணப்படாது. அதற்கெல்லாம் ஒப்புக்கொள்வதற்கு முன்னால்தான் நேரம் இருக்கிறது. லோயர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், நான் சிட்டிசன் இல்லை, பிஆர் மட்டும்தான் என்று. குடிவரவு லோயர் ஒருவரிடமும் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று தவணை கேளுங்கள்.