கமிட் வரை செல்லும் சோதனைகள்

கிடங்குகளுக்கிடையே சரக்கை மாற்றும் ஒரு செயலியில், இருப்பைத் திருத்தும் பகுதிக்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் நிரல்) எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோவும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் அதன் அடித்தளம். ஒரு கிடங்கில் கழிப்பது, மற்றொன்றில் கூட்டுவது, பேரேட்டில் ஒரு வரி எழுதுவது ஆகிய மூன்றும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடந்தாக வேண்டும்; அதாவது, மூன்றும் சேர்ந்து நிலைபெற வேண்டும் (கமிட்), அல்லது மூன்றும் சேர்ந்து நீங்க வேண்டும் (ரோல்பேக்).

ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் வகுப்பு ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிவில் ரோல்பேக் செய்துவிடுகிறது. பேரேட்டில் எழுதும் செயற்கூறு பிழை எறியுமாறு மாக் செய்து (போலியால் மாற்றி வைத்து), முதல் இரண்டு மாற்றங்களும் நீங்கிவிட்டனவா என்று பார்க்க இதுவே போதும். ஏனெனில், டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி முடிக்கும் நம் அடாமிக் தொகுதி அங்கே ஒரு சேவ்பாயிண்ட் (டிரான்சாக்‌ஷனுக்குள் திரும்பிச் செல்லத்தக்க இடைப்புள்ளி) ஆகிவிடுகிறது. தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) மீறப்படுவதைச் சோதிக்கும்போது மட்டும் அந்த வரியைத் தனி அடாமிக்குக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் 25பி02 என்ற பிழைக்குறியுடன் அடுத்த வினவல்கள் அனைத்தையும் மறுத்துவிடும்.

ஆனால், கமிட் நடந்தால் மட்டுமே வெளிப்படும் நடத்தையை இந்த முறை காட்டாது. கமிட்டுக்குப் பின் ஓடுமாறு ஆன்_கமிட்டில் பதிந்த அறிவிப்புகள் அங்கே தாமாக ஓடுவதில்லை. அவற்றைப் பிடித்து ஓட்ட ஜாங்கோ 3.2 முதல் கேப்சர்ஆன்கமிட்கால்பேக்ஸ் இருக்கிறது. வரிசையைப் பூட்டிப் படிக்கும் செலக்ட்_ஃபார்_அப்டேட்டை அடாமிக் இல்லாமல் அழைத்தால் எழ வேண்டிய பிழையையும், சோதனையைச் சூழ்ந்த டிரான்சாக்‌ஷன் மறைத்துவிடுகிறது. வேகத்துக்காக எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தளத்தில் ஓட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அங்கே அந்தப் பூட்டுக்கு எந்த விளைவும் இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஒரே இருப்பின்மீது இருவர் மோதும் நிலை. இருப்பு 10, இருவரும் தலா 7 கேட்கிறார்கள். பூட்டு இல்லையென்றால் இருவரும் 10 என்று படித்து 3 என்று எழுதுவார்கள். 14 பொருள்கள் வெளியேறியதாகப் பேரேடு சொல்லும். இதைச் சோதிக்க, உண்மையாகவே கமிட் செய்யும் டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸைத் தேர்ந்தேன். முதன்மை இழை (நிரலில் இணையாக ஓடும் ஓட்டங்களில் ஒன்று) வரிசையைப் பூட்டி 7 கழித்தபின் இரண்டாம் இழை தொடங்குகிறது. அது காத்திருக்கிறது என்பதை, ஸ்லீப் போட்டு (சற்று நேரம் நிறுத்தி) ஊகிக்காமல், போஸ்ட்கிரெஸின் பூட்டுகளைப் பட்டியலிடும் பிஜி_லாக்ஸ் காட்சியில் வழங்கப்படாத பூட்டு தோன்றும்வரை வினவி உறுதி செய்தேன். அதன்பின் முதன்மை இழை கமிட் செய்கிறது. இரண்டாவது, இருப்பு போதாது என்ற பிழையுடன் திரும்பியே ஆக வேண்டும். செலக்ட்_ஃபார்_அப்டேட்டை எடுத்துவிட்டு ஓட்டி, இந்தச் சோதனை தோற்கிறது என்று பார்த்த பிறகே அதன்மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாம் இழை தன் இணைப்பைத் தானே மூட வேண்டும். திறந்தே கிடந்தால் சோதனைத் தரவுத்தளத்தை இறுதியில் அழிக்க முடியாது. இந்த வகுப்பு ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் அட்டவணைகளைக் காலி செய்வதால், மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் நிரல்) வழியே சேர்த்த கிடங்கு வகைகளும் போய்விடும். அவற்றை மீட்க சீரியலைஸ்டு_ரோல்பேக்கை இயக்கினேன். ஓட்டம் இன்னும் மெதுவாவதால், மோதலைச் சோதிக்கும் வகுப்புகளில் மட்டும் அதை வைத்திருக்கிறேன்.