ஈறு நோயும் சி.ஆர்.பி. அளவும்: துறைக் குறிப்புகள்

07.07.2025

சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிட்டு வரும் ஓர் அம்மாவை, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடியிருப்பதற்குக் காரணம் தெரியாமல், அவருடைய மருத்துவர் எங்கள் ஈறு நோய்ப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். காய்ச்சல் இல்லை, மூட்டுவலி இல்லை. பல் துலக்கும்போது இரத்தம் வருமா என்று கேட்டபோது, "அது உடம்புச் சூடு டாக்டர், மோர் குடிச்சா அடங்கிடும்" என்றார். கடைவாய்ப் பற்களில், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பையில் அளவுகோல் 6, 7 மில்லிமீட்டர் வரை இறங்கியது. 3 வரை இருந்தால் கவலையில்லை.

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும், அங்கிருந்து வரும் இன்டர்லூகின்-6 என்னும் சமிக்ஞைப் புரதம் தூண்டினால் அது கூடும். 1930-இல் அதை முதலில் கண்டதே நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான். ஆகவே அந்த எண்ணை வைத்து ஈறுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஈறையும் பாருங்கள் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

08.07.2025

பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஊறும் நீரை இன்று எடுத்தோம். பஞ்சு வைத்து எச்சிலைத் தடுத்து, பல்லின் மேலிருந்த படலத்தை நீக்கி, மெல்லிய காகிதப் பட்டையை இடுக்கில் 30 விநாடி வைத்திருந்தோம். ஆழம் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அளவுகோல் பட்டு இரத்தம் கலந்துவிட்டால் அந்தப் பட்டை குப்பைக்குத்தான். அப்படி ஒன்று போயிற்று.

எம்.எம்.பி.-8 என்னும் நொதியைத்தான் இதில் தேடுகிறோம். கிருமியை எதிர்க்க வந்து குவியும் வெள்ளணுக்களிலிருந்து வெளிப்பட்டு, பல்லைத் தாங்கும் கொலாஜன் நாரையே அறுப்பது அது. சி.ஆர்.பி. போலன்றி, இது நோய் நடக்கும் இடத்திலேயே கிடைக்கும் சாட்சி என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம்.

11.07.2025

ஈறுக்கடியில் வேரில் படிந்திருந்த காரையை நேற்று முழுவதுமாகச் சுரண்டி எடுத்தோம். இன்று மறுபடியும் சி.ஆர்.பி. பார்க்கலாமா என்று அந்த அம்மாவின் மகன் கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். லண்டனில் கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் சி.ஆர்.பி.யும் இன்டர்லூகின்-6-உம் கூடின, இரத்தக்குழாயின் விரியும் திறன்கூடக் குறைந்தது. ஆனால் 60 நாளிலும் 180 நாளிலும் பார்த்தபோது அந்தத் திறன், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மறுநாள் எண்ணைப் பார்த்துப் பயந்து, சிகிச்சையே கெடுதல் என்று முடிவுகட்டிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. அவருடைய மருத்துவருக்கும் இதை விளக்கி எழுதிக் கொடுத்தேன்.

19.07.2025

வீக்கம் வற்றியிருக்கிறது, இரத்தக்கசிவு சில இடங்களில் மட்டுமே. ஆய்வுக்கூட எண்கள் எவ்வளவு நுட்பமானாலும், அளவுகோல் பட்டும் இரத்தம் வராத இடத்தில் நோய் தணிந்திருக்கிறது என்பதை நான் முழுதாக நம்புகிறேன். இரத்தம் வருவதை வைத்து எலும்பு கரைகிறதென்று சொல்வதற்குத்தான் தயங்குவேன். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, சி.ஆர்.பி., பையின் ஆழம் மூன்றையும் அக்டோபரில் ஒருசேரப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அதுவரை பல்லிடுக்குத் தூரிகையை இரவில் தவறாமல் பயன்படுத்தச் சொல்லி, கண்ணாடி முன் அவர் கையாலேயே செய்து காட்டவைத்தேன்.