மணிமேகலை சாகவில்லை

ஜூலை 8, செவ்வாய்

செம்பூரில் ஏறினால் வடாலா வருவதற்குள் கைபேசியில் என் கதை இரண்டு பத்தி தேறும், பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால். நின்றுகொண்டு உரையாடல் எழுதலாம்; வர்ணனை வராது. கூட்டத்தில் யார் எட்டிப் பார்த்தாலும் தமிழ் புரியாது என்பது மும்பையில் எனக்குக் கிடைத்த பெரிய சௌகரியம். ‘பொன்னியின் செல்வன்’ முடிவில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுவதைப் பள்ளி நாளிலிருந்தே நான் ஒப்புக்கொண்டதில்லை. அந்த நாவலைத் தொடர்ந்து நான் இணையத்தில் எழுதும் தொடரில் அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஜூலை 10, வியாழன்

பிழைத்தவளை வந்தியத்தேவனுக்கே கட்டி வை என்று வாசகிகள் நச்சரிக்கிறார்கள். அவன் குந்தவையின் கணவன் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டோடு மல்லுக்கு நிற்க என்னால் ஆகாது. மணிமேகலை கல்கியின் கற்பனை என்பதால் அவளை எங்கும் அனுப்பலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிட உத்தேசம்.

இதே நாவலை வைத்து எழுதும் வேறொருவர் தொடரில் பழையாறை அரண்மனைச் சமையலறையில் மிளகாய் வறுத்திருக்கிறார்கள். மிளகாயைக் கொண்டுவரப் போர்ச்சுகீசியர் வரட்டும் என்று ஒருவர் எழுத, மாலைக்குள் அது மிளகாகிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

மாட்டுங்காவில் அத்தை வீடு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த தொடரை வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்த தொகுப்பு, அவருடைய மாமியார் சொத்து. ஓவியர் மணியம் படங்கள் இருக்கும் பக்கங்கள் மட்டும் ஓரம் நைந்திருக்கின்றன.

“அடுத்தவர் கதையில் கை வைக்கிறாயே, திருட்டில்லையா?”

“கல்கி எழுத்து 1999இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டது, அத்தை.”

சட்டம் பேசாதே என்றார். அதே அலமாரியில் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’. கல்கி விட்ட இடத்திலிருந்து அவர் எழுதியது என்ன கணக்கு என்று கேட்டேன்.

“அவர் விக்கிரமன். நீ யார்?”

இதற்குப் பதில் இல்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி, என் மூன்று அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் படித்தார். “கந்தமாறன் இவ்வளவு அடக்கமாகப் பேசுவானா? தங்கை பிழைத்தாள் என்றால் தன்னால்தான் என்று முதலில் ஜம்பம் அடிப்பான்.” இத்தனை கறாரான விமர்சனம் எனக்கு வேறெங்கும் வந்ததில்லை.

ஜூலை 17, வியாழன்

கீழ்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. கொரியப் பாடகர்களை வைத்துக் கதை எழுதுகிறாள். அவள் எழுதும் ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகர் கதைத் தளத்தில் விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. 2019இல் அது அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியதைத் தானே வாங்கியதுபோலச் சொல்கிறாள். என் தொடரையும் அங்கே ஏற்ற உதவினாள். முக்கியப் பாத்திரம் இறந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை போடலாமாம். 1954இல் யார் போட்டார்கள்? மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

எச்சரிக்கை எதையும் சொல்ல விரும்பவில்லை என்றும் ஒரு தேர்வு இருந்தது. அதைத் தட்டினேன்.

“அப்படியென்றால் யாரோ சாகப்போகிறார்களா, அக்கா?”

கந்தமாறனின் ஜம்பத்தை எழுதி முடித்ததிலிருந்து எனக்கும் அந்த எண்ணம் இருக்கிறது.