பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்த கதை

வீட்டைச் சூடாக்கும் எங்கள் கேஸ் பாய்லருக்கு வயதாகிவிட்டது. உதிரி பாகம் கிடைப்பது கஷ்டமாகி, "இந்த வருஷம் எப்படியாவது ஓட்டிவிடும்" என்ற நம்பிக்கையிலேயே குளிர்காலங்கள் போய்க்கொண்டிருந்தன. அது நடுக்குளிரில் நின்றுபோனால் அவசரத்தில் கிடைத்ததை வாங்கிப் போட வேண்டிவரும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்று ஏற்பாட்டில் இறங்கினோம்.

இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் பேசுவது எந்த மெஷின், எந்த பிராண்ட் என்றுதான். என் அனுபவத்தில் அது கடைசியாக வரவேண்டிய கேள்வி. வெளியே கடுங்குளிர் அடிக்கும் நாளில் இந்த வீடு எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்ற கணக்கு கையில் இல்லாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குதான்.

கொட்டேஷன் கொடுக்க வந்த ஒருவர் பழைய பாய்லரில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தார். "24 கிலோவாட் போட்டிருக்கு சார், அதே அளவுக்குப் பார்த்துடலாம்" என்றார். எங்களுடையது காம்பி பாய்லர், அறைச் சூட்டையும் குளிக்கும் வெந்நீரையும் ஒரே பெட்டி தருவது. அதில் 24 கிலோவாட் இருப்பது குழாயைத் திறந்ததும் குளிக்க வெந்நீர் வருவதற்காக. அறைகளைச் சூடாக்க அதில் ஒரு பகுதிதான் தேவைப்படும். இதைச் சொன்னதும் அவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். வேறொருவர் லேசர் அளவியோடு வந்து அறை அறையாக நுழைந்தார். சுவரின் கனம், ஜன்னலின் அகலம், கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மேல்தளத்துப் பரணின் மூடியைத் தூக்கி, சூடு வெளியேறாமல் தடுக்க அங்கே விரித்திருந்த இன்சுலேஷனுக்குள் டேப்பைச் செருகிப் பார்த்தார். பிறகு, "வரவேற்பறைக்கு 21 டிகிரி போதுமா? படுக்கையறைக்கு 18 வைக்கட்டுமா?" என்று கேட்டார். வேலையை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று அப்போதே மனதில் முடிவாகிவிட்டது.

அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 5 வாட் சூட்டை விடும். நல்ல இரட்டைக் கண்ணாடி என்றால் 1.4 வாட் அல்லது அதற்கும் கீழே. 10 சதுர மீட்டர் ஜன்னல், 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றில் 1000 வாட் போகும், மற்றதில் 280 வாட். சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் இப்படியே போட்டு, சந்து பொந்துகள் வழியாக நுழையும் காற்றையும் சேர்க்க வேண்டும். எங்கள் கணக்கில் கூரையும் கதவிடுக்குகளும்தான் பெரிய திருடர்கள். அதனால் முதல் செலவு பரணில் இன்சுலேஷனைக் கனமாக்கவும் இடுக்குகளை அடைக்கவும். அதற்குப் பிறகு கணக்கு 7 கிலோவாட்டில் வந்து நின்றது.

ஹீட் பம்ப்பைத் தவிர மற்ற வழிகளை நாங்கள் பெரிதாக ஆராயவில்லை. சாதாரண மின்சார ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே தள்ளுவதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று, நல்ல சூழ்நிலையில் நான்குகூடக் கிடைக்கும். ஆனால் கேஸோடு ஒப்பிட்டு லாபமா என்பது உங்கள் ஊர் விலையைப் பொறுத்தது. மின்சார யூனிட்டின் விலையை கேஸ் யூனிட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 3 வந்தால், மெஷினும் வருஷ சராசரியில் ஏறக்குறைய அந்த மடங்கைத் தந்தால்தான் பில் ஏறாமல் இருக்கும். தராவிட்டால் விற்பவர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

மெஷின் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளில் இருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புத் தகடுகளுக்குள் சுற்றவிடும். அந்த மடங்கைத் தீர்மானிப்பது இந்தத் தண்ணீரின் சூடு. தண்ணீரை எவ்வளவு குறைந்த சூட்டில் சுற்றவிட முடிகிறதோ, அவ்வளவு மிச்சம். இங்கேதான் ரேடியேட்டர் பிரச்சினை வருகிறது. அதன் மேல் எழுதியிருக்கும் வாட், அறை 20 டிகிரியும் தண்ணீர் சராசரி 70 டிகிரியும் இருக்கும்போது கிடைப்பது. அதே ரேடியேட்டரில் 50 டிகிரித் தண்ணீர் ஓடினால் பாதிதான் தேறும். இதைக் காசில்லாமல் சோதிக்கலாம். பழைய பாய்லர் இருக்கும்போதே, குளிர் உச்சத்தில் அதன் தண்ணீர் சூட்டை 50க்கு இறக்கிவிட்டு வீடு தாங்குகிறதா என்று பாருங்கள். நாங்கள் பார்த்தோம். வரவேற்பறையும் வடக்குப் பக்க அறையும் மட்டும் சூடேறவில்லை. அந்த இரண்டு ரேடியேட்டர்களை மட்டும் இரட்டைத் தகடு வைத்ததாக மாற்றினோம், மற்றதெல்லாம் பழசுதான்.

ஹீட் பம்ப்பின் வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்பதில் நிறைய விவாதம். படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் வேண்டாம், இரண்டு சுவர் கூடும் மூலையில் சத்தம் எதிரொலிக்கும், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கவும் கூடாது. எங்கள் மெஷினுக்குள் சூட்டைக் கடத்தும் வாயு ஆர்290, அதாவது புரொப்பேன். எரியக்கூடிய வாயு என்பதால் கதவு, ஜன்னல், சாக்கடைத் துவாரம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். யூனிட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் நடைபாதையில் விழுந்தால் உறைந்து வழுக்கும். அதற்குக் கீழே ஜல்லிக்குழி போட்டோம்.

பொருத்தும் வேலையில் என் கண்ணில் நிற்பது பழைய ரேடியேட்டரைக் கழற்றியபோது வந்த தண்ணீர்தான். மை போலக் கறுப்பு. உள்ளே இரும்பு அரித்துச் சேர்ந்த கசடு அது. குழாய்களை முழுக்க அலசி, காந்த வடிகட்டி ஒன்றையும் வைத்தார்கள். இதைச் செய்யாமல் புது மெஷினை இணைக்கச் சம்மதிக்காதீர்கள். குளிக்கும் வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிக்காகப் போர்வைகள் இருந்த அலமாரி போய்விட்டது. மனைவிக்கு அதில் இன்னும் கோபம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தால், வேலை முடித்துப் போனவர்கள் தண்ணீர் சூட்டை 55 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புகார் வரக்கூடாதே என்று செய்வதாம். வெளிக் குளிருக்கு ஏற்ப மெஷின் தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு அமைப்பு உண்டு. கையேட்டைப் பார்த்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். எந்த அறை குளிர்ந்தது என்று பார்த்து நிறுத்தி, அந்த ரேடியேட்டரின் வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மறுபடி இறக்குவேன். சாதாரணக் குளிர் நாளில் இப்போது 38 டிகிரியில் ஓடுகிறது. இரவில் அணைப்பதில்லை, 2 டிகிரி மட்டும் குறைகிறது.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடா, சுடவே இல்லையே, காசை வாங்கிட்டு ஏமாத்திட்டாங்களா?" என்றார். சுவரில் இருந்த தெர்மோமீட்டர் 21 காட்டியது. காட்டினேன். "அது தப்பாக் காட்டுது" என்று ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தார்.

முதல் பனிக்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உங்கள் மெஷினிலிருந்து புகை வருகிறது என்றார். புகையில்லை, நீராவி. யூனிட்டின் தகடுகளில் படியும் பனியை அவ்வப்போது அதுவே உருக்கிக்கொள்ளும். சில நிமிஷத்தில் அடங்கிவிடும். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அங்கேயே நின்று அது அடங்குவதைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டியிருக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். அளவெடுத்தவரின் எண்ணைக் கொடுத்து அனுப்பினேன்.