ஐ3-யில் 3.4, ஐ5-ல் 3.2: எதை வாங்குவது?

அக்கா மகனுக்கு ஜிடிஏ 5 விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். புதிதாக அசெம்பிள் செய்கிற அளவுக்குக் கையில் காசு இல்லை. ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். இரண்டு மெஷின் பிடித்திருந்தது. ஒன்றில் இன்டெலின் ஐ3-4130 பிராசசர், இன்னொன்றில் ஐ5-4570. "மாமா, ஐ3-யில 3.4 கிகாஹெர்ட்ஸ் இருக்கு, ஐ5-ல 3.2 தானே? எதுக்குக் கூடக் காசு குடுக்கணும்?" என்றான்.

நல்ல கேள்வி. அந்த 3.2 என்பது அடிப்படை வேகம்தான். டர்போவில், அதாவது வேலை கூடும்போது தானாக வேகம் ஏற்றிக்கொள்வதில், ஐ5 3.6 வரை போகும். ஐ3-4130-க்கு டர்போவே கிடையாது. ஆனால் வேகத்தை விட முக்கியம், ஐ3-யில் இருப்பது இரண்டு கோர், ஐ5-ல் நான்கு. கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஐ3-க்கும் நான்கு கட்டம் தெரியும். அது ஹைப்பர் த்ரெடிங். ஒரு கோர் மெமரியில் இருந்து டேட்டா வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், அதே கோரில் இன்னொரு வேலையை ஓட்டிக்கொள்வது. பயன் உண்டு, ஆனால் கணக்குப் போடும் பகுதிகள் இரண்டு கோருக்கானவைதான்.

விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி விநாடி. அதற்குள் கேமின் முக்கிய வேலை, பிசிக்ஸ், சத்தம், கிராபிக்ஸ் டிரைவர், அடுத்த தெருவை டிஸ்க்கில் இருந்து எடுத்து விரிப்பது எல்லாம் நடக்க வேண்டும். இரண்டு கோரில் இவை வரிசையில் நிற்கும். சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) பார்த்தால் இது தெரியாது. திடீர் திடீரென்று படம் நின்று நின்று வருவதில்தான் தெரியும்.

என் வீட்டு மெஷினில் இதை நேராகவே பார்த்திருக்கிறேன். அதே போர்டு, அதே 8 ஜிபி ரேம், அதே ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. ஐ3 இருந்தபோது ஹைவேயில் காரை விரட்டினால் பிராசசர் 100 சதவீதத்தில் நிற்கும், கிராபிக்ஸ் கார்டு பாதி சும்மா இருக்கும், வண்டி ஒரு கணம் உறைந்துவிட்டு அப்புறம் குதித்து முன்னால் போகும். ஐ5-ஐ மாற்றிப் போட்டதும் அந்தக் குதிப்பு போய்விட்டது. செட்டிங்ஸில் நான் எதையும் தொடவில்லை.

கேம் கம்பெனிகள் கேட்கும் குறைந்தபட்ச பிராசசரைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 2015-இல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5 குறைந்தபட்சமாகவே கேட்டது கோர் 2 குவாட் க்யூ6600, அதாவது நான்கு கோர். வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் கோர் 2 டியோ ஈ8400 போதும் என்றது, இரண்டு கோர். 2013-இல் எட்டு கோரோடு பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கன்சோல்கள் வந்த பிறகு பெரிய கேம்களில் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்தே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 2014-இல் ஃபார் க்ரை 4 வந்த புதிதில், ஹைப்பர் த்ரெடிங் இல்லாத டூயல் கோர் பென்டியத்தில் தொடங்கவே இல்லை. கருப்புத் திரையோடு நின்றது.

அதனால் வாலரன்ட் மட்டும்தான், வீட்டில் ஐ3 ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் இன்னொரு ரேம் போட்டு டூயல் சேனல் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் டேட்டா தருவது) ஆக்குங்கள், ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். ஜிடிஏ 5 மாதிரி ஊர் முழுக்கச் சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்ட் கேம் ஆசை இருந்தால் நான்கு கோருக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

வாங்கும்போது ஐ5 என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐ5-4570டி என்று ஒன்று இருக்கிறது. சின்ன சைஸ் ஆபீஸ் பெட்டிகளில் வரும், அதில் இரண்டே கோர்தான். கடையிலேயே மெஷினை ஆன் செய்யச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து 'கோர்ஸ்' என்ற வரியில் 4 இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருக்கும் 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஐ3-யிலும் அங்கே 4 என்றுதான் இருக்கும்.