கரூரில் ஜிஎஸ்டி சேவை நிறுவனம்: முதலாளிக்கு முன்னால் அக்கவுண்டன்ட்டைப் பாருங்கள்

ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ ரிட்டர்ன் போட்டுத்தரும் நிறுவனத்தைக் கரூரில் தொடங்கினால், முதலில் வரும் கேள்வி "யார் சொல்லி வந்தீங்க?" என்பதுதான். தறி, சாயம், தையல், ஏற்றுமதி என எல்லாமே பழக்கத்தில் ஓடும் ஊர். பேனரும் நோட்டீஸும் இங்கே வேலைக்கு ஆகாது.

புதிதாக வருபவர்கள் நேராக முதலாளியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அங்கே பல வருடமாக டேலியில் கணக்கு எழுதும் அக்கவுண்டன்ட், தன் வேலைக்கு ஆபத்து என்று நினைத்துவிட்டால் ஒரு பில்கூடக் கைக்கு வராது. அவரிடமே போய், அவருக்குத் தலைவலியாக இருக்கும் ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். நாங்கள் கேட்டு வாங்கியது இன்புட் சரிபார்ப்பு: சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கட்ட வேண்டிய வரியில் கழிக்க, அந்த பில் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது.

நூல் விற்றவர் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போட்டால்தான் 14ஆம் தேதி வரும் 2பி-யில் (வாங்கியவரின் இன்புட் பட்டியல்) பில் ஏறும். காலாண்டு ரிட்டர்ன்காரர் என்றால் 13ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப்பில் (மாத பில்களை மட்டும் ஏற்றும் வசதி) ஏற்ற வேண்டும். 2பி வந்தபின் பார்த்தால் அந்த மாத இன்புட் போனது போனதுதான். 20ஆம் தேதி 3பி-யில் (வரி கட்டும் ரிட்டர்ன்) அந்த அளவுக்குக் கைக்காசைக் கட்ட வேண்டும். அதனால் 9ஆம் தேதியே போர்ட்டலில் ஐஎம்எஸ் பக்கத்தை (சப்ளையர்களின் பில்கள் வந்து சேரும் இடம்) பாருங்கள். சப்ளையர் சேமித்த பில்கூட அதில் தெரியும். வராத பில்லின் எண், தேதி, வரித்தொகையை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், அக்கவுண்டன்ட் உடனே போனை எடுப்பார்: "அண்ணா, உங்க பில் இன்னும் ஏறலீங்க." அந்தப் பக்கம் போனை எடுக்கும் நூல்காரர்தான் பெரும்பாலும் உங்கள் அடுத்த வாடிக்கையாளர்.

வேலை கைக்கு வந்ததும், போர்ட்டலில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஆளின் எண்ணாக இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். லாகின் இருக்கும்போதே முதலாளியின் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். லாகினும் போய்விட்டால் வரி அலுவலகத்துக்குக் கடிதத்தோடு நடக்க வேண்டும். உங்கள் எண்ணை மட்டும் போடவே போடாதீர்கள்.

ஏற்றுமதியாளருக்கு எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிக்கடிதம்) மார்ச் 31-ஓடு முடியும். மார்ச் முதல் வாரமே நினைவுபடுத்துங்கள். ஒரு கம்பெனியின் தையல் கூலியை இன்னொரு கம்பெனியில் வாய்தவறிச் சொன்னால் இரண்டும் போய்விடும். இங்கே பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

கட்டணம்தான் கடினம். "அப்புறம் பார்த்துக்கலாங்க" என்பார்கள். உங்கள் நிறுவனத்துக்கு உத்யம் (சிறுதொழில்) பதிவை இலவசமாக எடுத்து, அந்த எண்ணை பில்லில் போடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் அவர்கள் பணம் தர வேண்டும். அதைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும். இதை முதலாளியிடம் சொன்னால் மனஸ்தாபம். மார்ச்சில் வருடக் கணக்கு முடியும் முன், பிப்ரவரியில் அக்கவுண்டன்ட்டிடம் பாக்கிப் பட்டியலைக் கொடுங்கள், அவர் வாங்கிக் கொடுப்பார்.