1858இன் மதுரையை இணையத்தில் பார்ப்பது

மதுரை விளக்குத்தூண் பகுதியில் துணி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தூண் ஓர் ஆங்கிலேய ஆட்சியரின் நினைவாக நிறுத்தப்பட்டது என்று தெரியும்? பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரம் வெளியே விரிய வழிசெய்த ஜான் பிளாக்பர்னுக்காக எழுப்பப்பட்டது அது. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற புகைப்படக்காரர் மதுரையில் எடுத்த புகைப்படங்களுள் இந்த விளக்குத்தூணும் ஒன்று. அவ்வரிசைப் படங்களின் பிரதிகள் லண்டனின் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகம் எனப் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. மதுரைக்காரர் ஒருவர் அவற்றை நேரில் பார்க்கக் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்ட நிலை, இந்நிறுவனங்கள் தம் சேகரிப்புகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கிய பிறகுதான் மாறியது.

ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் புகைப்படக்காரராக இருந்துவிட்டு, 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். பழங்கட்டடங்கள் அழிவதற்கு முன் அவற்றைப் பதிவு செய்வது அவருடைய பணியின் முக்கிய நோக்கம். 1857 இறுதியில் பெங்களூரிலிருந்து கருவிகளுடன் புறப்பட்டு, அடுத்த சில மாதங்களில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படம்பிடித்தார். வடக்கே பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த அதே மாதங்கள் அவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், படங்களில் தெரியும் அமைதியின் மீது சற்றுச் சந்தேகம் வரும்.

இணையச் சேகரிப்பின் உண்மையான பயன் ஒரு படத்தைப் பார்க்கக் கிடைப்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பது என் கருத்து. ஒரே நெகட்டிவிலிருந்து அச்சான பிரதிகளை வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து திறந்து அருகருகே வைத்துக்கொண்டு, விரும்பிய மூலையை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறதே, அந்த வசதிதான் புதிது. பெரிய படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்து, பார்ப்பவர் நெருங்கிச் செல்லும் பகுதியை மட்டும் அனுப்பும் முறை இப்போது பரவலாகியிருப்பதால், சாதாரண இணைய இணைப்பிலேயே ஒரு தூணின் சிற்பத்தை விரல்நுனி வரை ஆராயலாம். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இப்பால், மங்கிய விளக்கில் நின்றுகொண்டு இதைச் செய்ய இயலாது.

அப்படி நெருங்கிப் பார்க்கும்போது முதலில் வானத்தைப் பாருங்கள். அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு அதிகமாக வினைபுரிந்ததால், நம் ஊர் வானம் வெறும் வெள்ளைப் பரப்பாகவே பதிவாகும். ட்ரைப்பின் சில படங்களிலோ மேகங்கள் மிதக்கின்றன. அவை அவர் நெகட்டிவின் மீது வண்ணம் தீட்டி உருவாக்கியவை. சில இடங்களில் இலைகளையும் அவ்வாறே திருத்தியிருக்கிறார். அரசு ஆவணம் என்று பெயர் பெற்ற படத்துக்குள் ஓர் ஓவியனின் கை வேலை செய்திருக்கிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இவற்றைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் கோபுரத்தை நம்பும் அளவுக்கு மேகத்தை நம்ப வேண்டாம்.

இரண்டாவதாகக் கண்ணில் படுவது ஆளற்ற தெருக்களும் மண்டபங்களும். மெழுகூட்டிய காகித நெகட்டிவில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும்; அதற்குள் நடந்து போனவர்கள் தடயமின்றி மறைந்துவிடுவார்கள், அசையாமல் நின்றவர்கள் மட்டுமே எஞ்சுவார்கள். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தைப் பிற்காலத்தில் தையற்காரர்களும் வளையல் கடைகளும் புத்தகக் கடைகளுமாக அறிந்தவர்களுக்கு ட்ரைப்பின் வெறிச்சோடிய மண்டபம் வேறு ஏதோ ஊரைப்போலத் தோன்றும். காலியான கட்டடங்களையும் இடிபாடுகளையும் பார்த்துப் பார்த்து, கைவிடப்பட்ட ஒரு நாகரிகத்தின் மிச்சம் இது என்ற எண்ணம் இங்கிலாந்து வாசகர்களிடம் எளிதில் உருவாகியிருக்கும். கருவியின் குறைபாடு ஆள்வோரின் பார்வைக்கு வசதியாக அமைந்துவிட்டது.

நாயக்கர் மகாலை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு இன்னும் சுவையானது. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் மதுரைக்கு வந்து இந்த அரண்மனையின் சிதைவுகளை வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய அச்சோவியத் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ட்ரைப்பின் கேமரா அதே சிதைவை ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் கழித்துப் பார்க்கிறது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியரின் முயற்சியில் நடந்த பெரும் பழுதுபார்ப்புக்குப் பிந்தைய தோற்றமே இன்று நாம் காண்பது. ஆகவே, எந்தத் தூண் பழையது, எந்தச் சுதைவேலை பின்னர் சேர்ந்தது என்று கேட்கிறவர் ட்ரைப்பின் படங்களைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை என்னை மிகவும் வியக்க வைப்பது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படம்பிடித்து, 21 நெகட்டிவ்களின் அச்சுகளை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்த எழுத்துகளைப் படித்து, கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்று ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் நிறுவியது அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. தன்னால் படிக்க முடியாத எழுத்தை ஒருவர் வரி தவறாமல் படியெடுத்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு, 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று கருதியதால் அந்தப் புகைப்படப் பிரிவே மூடப்பட்டது.

தேட விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். இந்தப் பட்டியல்கள் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே நிற்பதால், மதுரைக்கு ‘மதுரா’, தஞ்சைக்கு ‘டாஞ்சோர்’, திருவரங்கத்துக்கு ‘செரிங்கம்’ என்று அக்கால வடிவங்களை ஆங்கிலத்தில் இட வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காத படம் ‘கிரேட் பகோடா’ என்றதும் வந்து நிற்கும். மெட்ரோபாலிடன் 2017 முதல் காப்புரிமை இல்லாத படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்த அனுமதிக்கிறது. கெட்டியும் பல படங்களை இலவசமாகத் தரவிறக்க விடுகிறது. நம் நாட்டு நிறுவனம் ஒன்றில் ஒரு பழைய படம் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். கிடைத்தவற்றைத் தம் கணினியில் சேமித்துக்கொள்வதும் நல்லது: 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் எண்மச் சேகரிப்புகள் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தன.

ட்ரைப்பின் படங்களில் காணாத முகங்களைத் தேடுகிறவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எண்மமாக்கியுள்ள பழைய தமிழ் ஸ்டுடியோ புகைப்படங்களுக்குப் போகலாம். அவற்றை எடுத்தவர்கள் நம் ஊர்ப் புகைப்படக்காரர்கள். எடுத்துக்கொண்டவர்கள் காசு கொடுத்து, தாங்கள் விரும்பிய கோலத்தில் வந்து நின்ற குடும்பங்கள். மாகாண அரசின் கேமரா தேர்ந்தெடுத்ததற்கும் இவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே தேர்ந்தெடுத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதற்கான படங்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன்.